விடியற்காலையில் மட்டும் அடம் பிடித்த வள்ளத்து என்ஜின்

ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆக எட்டு, பத்து நிமிஷம் எடுக்கிறது. அதற்கு அப்புறம் நாள் முழுக்கச் சாவியைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்கிறது. என் மச்சான் போனில் சொன்ன புகார் இவ்வளவுதான். அக்கா வீட்டுக்காரர், அதுவும் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார், தட்டிக்கழிக்க முடியாது. நான் ராமநாதபுரத்தில் பம்ப்செட், ஜெனரேட்டர் வேலை பார்க்கிறவன். கடல் என்ஜினும் அதே டீசல்தான் என்றாலும் உப்புத் தண்ணீர் கூடச் சேர்ந்தால் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடும் என்பது இந்த வேலையில்தான் எனக்கு உறைத்தது.

வள்ளம் பாம்பன் தெற்குவாடியில் கிடக்கிறது. நாட்டுப்படகு, உள்ளே பொருத்திய இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், பேட்டரியில் என்ஜினைச் சுற்றிவிடும் 12 வோல்ட் செல்ஃப் மோட்டார், கூடவே கையால் சுற்ற ஹேண்டிலும், சுற்றும்போது சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லிவரும் உண்டு. டீசல் டேங்க் தரையோடு, என்ஜினை விடத் தாழ்வாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். டேங்கிலிருந்து கண்ணாடிக் கிண்ணம் வைத்த தண்ணீர் பிரிப்பான், அதிலிருந்து ஃபீட் பம்ப், அப்புறம் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்ப், கடைசியில் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இரண்டு நாசில்.

விசைப்படகுக்குத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, நாட்டுப்படகுக்கு அது கிடையாது. ஆனால் மச்சான் வீட்டில் ஒரு கல்யாணம், கூடவே பலகை மாற்றும் வேலை என்று நாற்பது நாள் போல வள்ளம் கரையில் கிடந்ததாம். இறக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியதாகச் சொன்னார்.

நான் போவதற்கு முன்பே வைத்தியம் நிறைய நடந்திருந்தது. ஒருவர் பேட்டரி போய்விட்டது என்றார், புது பேட்டரி வாங்கியாச்சு. கொஞ்சம் தேறிய மாதிரி இருந்து பத்து நாளில் பழையபடி. இன்னொருவர் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு, அழுத்தம் சரி செய்து கொடுத்தார். அதிலும் கொஞ்சம் தேறி, மறுபடி பழையபடி. மூன்றாமவர் பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த மூன்றாவது பேச்சில்தான் மச்சான் மிரண்டு எனக்குப் போன் போட்டிருக்கிறார்.

“மாப்ள, நாசில் போயிருச்சுங்கிறாங்க, பம்பு போயிருச்சுங்கிறாங்க, ரிங்கு போயிருச்சுங்கிறாங்க. எல்லாமே போயிருச்சுன்னா ஒரு தடவ ஸ்டார்ட் ஆனதும் பகல் பூரா எப்புடி ஓடுது?”

பாதி வேலையை இந்தக் கேள்வியே முடித்துக் கொடுத்துவிட்டது. மெக்கானிக் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய் அங்கேயே படுத்துவிட்டேன். ஸ்பேனர் பையைத் திறக்கவே இல்லை. முதல் காலையில் ஒன்றையும் தொடாமல் பார்க்க மட்டும் செய்வது என்று முடிவு. நான் ஏதாவது ஒரு நட்டைத் தளர்த்தினாலே நோயின் முகம் மாறிப்போகும். மச்சானிடம் வழக்கமாக என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகத் தினமும் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள், ஸ்டார்ட் பண்ணும்போது என்ன புகை வருகிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இருட்டில் எங்கே தெரியும், அதுவும் நியாயம்தான்.

மணி 3.50. செல்ஃப் அடித்ததும் வெள்ளைப் புகை வந்தது, நல்ல அடர்த்தியாக, கண்ணை எரிக்கிற டீசல் வாடையோடு. ஒரு சிலிண்டர் மட்டும் டப், டப் என்று இரண்டு மூன்று தடவை பிடித்தது, நொண்டி நொண்டி ஒரு பத்து விநாடி ஓடியது, நின்றுவிட்டது. மறுபடி செல்ஃப். இந்தத் தடவை புகையே இல்லை! வெறும் காற்றுதான். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சைலன்சரில் ஒரு இழை கூட இல்லை. கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், நடுவில் நிறுத்தி நிறுத்தி. அப்புறம் திடீரென்று லேசாக வெள்ளை, ஒரு சிலிண்டர் பிடித்தது, கொஞ்ச நேரம் நொண்டி, ஒரு கரும்புகைக் குமுறலோடு இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு தங்கம் மாதிரி ஓடியது.

அதில் கிடைத்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அதாவது உள்ளே போதுமான சூடு இல்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. இந்த என்ஜின் ஒரே காலையில் இரண்டையும் காட்டியது. முதலில் டீசல் இருந்தும் எரியவில்லை, அப்புறம் டீசலே இல்லை. ஆகவே குறை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. பேட்டரி மாற்றியதும் கொஞ்சம் தேறி, நாசில் பார்த்ததும் கொஞ்சம் தேறி, முழுசாகத் தேறாமல் இருந்ததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

கையேடுகளைப் படித்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் காரணமாகக் குளிரைத்தான் போட்டிருப்பார்கள். அவை பனி பெய்கிற ஊருக்கு எழுதியவை. பாம்பனில் விடியற்காலையிலும் வேர்க்கிறது. இந்த ஊரில் நல்ல நிலையில் இருக்கிற டீசல் என்ஜின் எந்த நேரத்திலும் ஓரிரு சுற்றில் பிடித்தே ஆக வேண்டும், குளிரைக் காரணம் சொல்ல இங்கே இடமே இல்லை.

அன்று தொழிலுக்குப் போய் வந்த பிறகு சாயங்காலம் மீட்டரை எடுத்தேன். முதலில் என்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள். அது துருப்பிடித்து முழுசாகத் திரும்பாமல் நின்றால் பம்ப் பாதி மூடியே இருக்கும், என்னதான் சுற்றினாலும் தேவையான டீசல் வராது. இதில் அது சரியாகத்தான் இருந்தது. ஏர் கிளீனரும் பரவாயில்லை.

அடுத்தது செல்ஃப் சுற்றும் வேகம். டீசல் என்ஜினில் பொறி கிடையாது, காற்றைப் பதினேழு பங்கில் ஒரு பங்காக நசுக்கும்போது அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாக நசுக்கினால் காற்று ரிங் வழியாகக் கசியவும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். ஆகவே ‘செல்ஃப் சுத்துதுல்ல, அப்புறம் என்ன’ என்று விட முடியாது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதுதான் கேள்வி. என் காதுக்கே அது இழுவையாகக் கேட்டது.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட், நல்ல சார்ஜ். ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பேட்டரி முனையில் பார்த்தால் 10.4. அதுவும் மோசமில்லை. ஆனால் மீட்டரின் இரண்டு முனையையும் செல்ஃப் மோட்டாரிலேயே, ஒன்றைக் கேபிள் போல்ட்டிலும் மற்றதை அதன் உடம்பிலும் வைத்தபோது 8.6 தான் காட்டியது. 1.8 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. எங்கே என்று பிடிக்க, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடித்தேன். 1.2 வோல்ட்! இரும்போடு இரும்பாக இருக்க வேண்டிய இடம், கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். மிச்சம் 0.6 பாசிட்டிவ் பக்கத்தில்.

எர்த் கேபிளின் முனையில் போல்ட்டில் மாட்டும் லக்கைக் கழற்றினால் அடியில் பெயின்ட், அதற்கு மேல் துரு, அதற்கு மேல் உப்பு. கேபிளின் ரப்பரைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு என்று சொல்லவே முடியாது, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்த்தால் புது கேபிள் மாதிரி பளபளப்பு. கடல் காற்று லக் வாயில் நுழைந்து, ஒவ்வொரு இழையாகத் தின்றுகொண்டே உள்ளே போயிருக்கிறது. புது பேட்டரி வாங்கியபோது கொஞ்ச நாள் தேறியதற்கு விளக்கம் இதுதான்: டெர்மினலைச் சுரண்டிப் பொருத்தியிருப்பார்கள், அதில் கொஞ்சம் தேறியிருக்கும், பேட்டரியால் அல்ல.

இரண்டு கேபிளையும் 35 சதுர மி.மீ. வெல்டிங் கேபிளாக மாற்றினேன், லக்கை அழுத்திப் பிடித்து, வாயைச் சுருக்குக் குழாயால் மூடி, எர்த் போகும் இடத்தில் என்ஜின் உடம்பைப் பளபளவென்று தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். கிரீஸ் முறுக்கிய பிறகுதான், முன்னாடி அல்ல. ஈயம் பூசிய செம்பு இழை கேபிள்தான் கடலுக்கு நல்லது, எனக்கு அவசரத்துக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தால் அதையே போடுங்கள். மறுபடி அளந்தபோது செல்ஃபில் 9.9, இழப்பு மொத்தமே 0.4. சுற்றும் சத்தமே மாறிவிட்டது. மச்சான் முகத்தில் சிரிப்பு.

மறுநாள் காலை நாலு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. பத்து நாலானதே மச்சானுக்குப் போதும் போலிருந்தது, “அப்புறம் என்ன மாப்ள, ஊருக்குக் கெளம்பு” என்றார். நான் நகரவில்லை. முதலில் நொண்டி, அப்புறம் நின்று, அப்புறம் புகையில்லாத சுற்று, அந்தக் கதை அப்படியே இருந்தது, வேகமாக ஓடிக் காட்டியது, அவ்வளவுதான். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நடுவில் ஒரு விஷயம். அன்று பக்கத்து வள்ளத்துப் பையன் உதவிக்கு வந்தான், கையில் டீசலில் நனைத்த துணி. அதைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டினால் பிடித்துக்கொள்ளும் என்றான். பிடிக்கும்தான், சூடான காற்று உள்ளே போகிறதே. ஆனால் அதே துணியின் கனல் உள்ளே போனால் என்ன ஆகும், மரப்படகில் தீ பிடித்தால் எங்கே ஓடுவது? பெட்ரோலை உறிஞ்ச விடுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது எல்லாம் இதைவிட மோசம், அது டீசலுக்கு முன்பே, பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிக்கலாம், ரிங்கும் பிஸ்டனும் உடையலாம். அவனை அனுப்பிவிட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான்.

சரி, டீசல் பக்கம். டேங்க் தாழ்வாக இருப்பதால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாது, எல்லா இடமும் காய்ந்து சுத்தமாக இருக்கும். ராத்திரி என்ஜின் நின்றதும் அந்தத் துளை வழியாகக் காற்று மெல்ல நுழைய, குழாயில் நிற்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் கொஞ்ச டீசலில் என்ஜின் நொண்டி எழும், அது தீர்ந்ததும் குழாயில் இருந்த காற்று பம்புக்கு வந்து சேரும், நிற்கும். நான் பார்த்ததும் இதுதானே. பகலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் குழாய் காலியாக நேரம் போதாது, அதனால் சாவியைத் தொட்டதும் எடுக்கும்.

இதை ஊகமாக விடாமல் உறுதி செய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல், அதைக் கூரைக் கம்பில் என்ஜினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு குழாயை நேராக ஃபில்டர் வாயில் கொடுத்துவிடுவது. டேங்க், பிரிப்பான், ஃபீட் பம்ப் எல்லாம் ஆட்டத்திலிருந்து வெளியே. டீசல் தன் எடையிலேயே இறங்கும். ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி நுரை நின்று கெட்டியாக வரும்வரை விட்டு இறுக்கினேன், பம்பிலும் அதே மாதிரி, கடைசியில் நாசில் குழாய் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்துக் காற்றெடுத்தேன். இந்தக் கடைசி வேலையில் விரலை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நாசில் திறக்கும் அழுத்தம் இருநூறு பார் கணக்கில் இருக்கும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அப்புறம் செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்தது, இல்லையென்றால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்து இன்னொரு செலவு.

கேனைக் கட்டி, காற்றெடுத்து, ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் படுத்தேன். காலையில் செல்ஃப் அடித்தால் நொண்டியது, வெள்ளைப் புகை தள்ளியது, ஆனால் நிற்கவே இல்லை! ஒரு சிலிண்டரில் நொண்டிக்கொண்டே ஒரு நிமிஷம் ஓடி, இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. புகையில்லாத அந்த ஆறு நிமிஷக் கதை மொத்தமாகப் போய்விட்டது. ஆகவே காற்றுக் கசிவு ஃபில்டருக்கு முன்னாடி உள்ள பகுதியில், நொண்டல் வேறு குறை. இரண்டும் இப்போது தனித்தனியாக மேஜை மேல் வந்துவிட்டன.

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஃபீட் பம்புக்குள் அசையும் சவ்வு, அந்த டயாஃப்ரம்தான் கிழிந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, ராமேஸ்வரம் போய் ரிப்பேர் கிட் வாங்கி வந்துவிட்டேன். பம்பைத் திறந்து பார்த்தால் டயாஃப்ரம் புதுசு மாதிரி இருக்கிறது, வால்வு இரண்டும் பிடிக்கிறது. மூன்று மெக்கானிக்கைக் குறை சொல்லிவிட்டு நாலாவதாக நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் சோறு போடும்போது கேட்டாள், “அது எதுக்குடா வாங்குன?” பதில் இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு அடி வாங்கினேன். அதை ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால் இடையில் போட்டு என்ஜினை ஓட்டினால் குமிழ் குமிழாகப் போனது, பொடிக் குமிழ்தான், ஆனால் நிற்காமல். அதையே கழற்றி டேங்கிலிருந்து வெளியே வரும் இடத்தில் போட்டேன், ஒரு குமிழ் இல்லை. இடையில் இருப்பது பிரிப்பான் ஒன்றுதான். கிண்ணத்தைக் கழற்றிய உடனே பிடிபட்டது. மேலே உட்காரும் ரப்பர் வளையம் தட்டையாகி, வெடித்து, அதை யாரோ பேக்கிங் பசை பூசி மறுபடி உட்கார வைத்திருந்தார்கள். பசை டீசலில் ஊறி இழுத்துக்கொண்டு வந்தது. குழாயைப் பொருத்தும் பாஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்களும் பல தடவை இறுக்கிப் பள்ளம் விழுந்தவை.

கிண்ணத்து அடியில் கால் டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் பழுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வளர்கிற கிருமிதான் அது, தண்ணீர் இல்லாமல் வளராது. நாற்பது நாள் டேங்க் பாதி காலியாக வெயிலில் கிடந்தபோது சேர்ந்த தண்ணீராக இருக்கலாம், ராத்திரி வேர்த்து இறங்கியதும் அதில் கொஞ்சம் இருக்கும். டேங்கின் அடி நட்டைத் திறந்து வடித்தேன், இன்னும் ஒரு லிட்டருக்குக் கிட்ட வந்தது, கடைசியில்தான் தெளிந்த டீசல். அதைக் கடலில் கொட்டாமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். ஃபில்டரும் மாற்றியாச்சு.

ரப்பர் வளையம் ரகம் பார்த்து வாங்கினேன், டீசல் தாங்கும் கருப்பு நைட்ரைல் ரப்பர், சாதாரணத் தண்ணீர்க் குழாய் வாஷர் டீசலில் உப்பிவிடும். காப்பர் வாஷர் ஒரு அளவுக்குக் கிடைக்கவில்லை, பழையதையே அக்கா வீட்டு கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கினேன். செம்பு அப்படிக் காய்ச்சினால் மறுபடி மிருதுவாகிவிடும், இரும்புக்கு நேர்மாறு. ஒன்று கைதவறிப் படகின் அடிவயிற்றுத் தண்ணீரில் விழுந்து, அதைத் தேடி அரை மணி நேரம் போனது தனிக் கதை. போட்டு முடித்து ஓட்டியபோது கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ் கூட இல்லை. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுப் பழையபடி டீசல் குழாயையே போட்டேன், அந்த வகை பிளாஸ்டிக் கொஞ்ச நாளில் டீசலில் கெட்டியாகி வெடிக்கும்.

மிச்சம் அந்த நொண்டல். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, நொண்டும்போதே ஒவ்வொரு நாசில் குழாய் நட்டாகத் தளர்த்திப் பார்த்தேன், துணியால் மூடிக்கொண்டுதான். முதலாவதைத் தளர்த்தினால் என்ஜின் சாகப் பார்க்கிறது, இரண்டாவதைத் தளர்த்தினால் அதற்கு ஒரு கவலையும் இல்லை. ஆகவே இரண்டாவதுதான் வேலை செய்யவில்லை. நாசில் ஏற்கெனவே பெஞ்சில் பார்த்தது, இருந்தாலும் சந்தேகத்துக்கு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். குறை இரண்டாவது சிலிண்டரிலேயே நின்றது, நாசிலோடு போகவில்லை.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை நசுக்கும் அழுத்தம். ஹேண்டிலைப் போட்டு டிகம்ப்ரஷன் லிவரை விட்டுவிட்டுக் கையாலேயே மெதுவாகத் திருப்பினேன். முதல் சிலிண்டர் மேலே வரும்போது கை திருப்ப முடியாமல் முட்டி நிற்கிறது, அழுத்திப் பிடித்தால் ரப்பர் மாதிரித் திருப்பித் தள்ளுகிறது. இரண்டாவது அப்படி இல்லை, கொஞ்சம் முட்டிவிட்டு இளகிப் போகிறது. அந்த இளகும் நேரத்தில் காற்று எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். மச்சானை ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் ஆயில் ஊற்றும் வாயில் காது வைத்தேன், ஒன்றுமில்லை. ரிங் போயிருந்தால் அங்கேதான் கேட்கும். ஏர் கிளீனரில் வைத்தேன், ஒன்றுமில்லை. சைலன்சர் வாயில் வைத்தேன், புஸ்ஸ்ஸ் என்று சுத்தமாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. என்ஜினை இறக்க வேண்டும், ரிங் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. இருந்தாலும் மச்சானின் நிம்மதிக்காக நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி, நாசிலைப் போட்டு மறுபடி திருப்பினோம். ரிங் கசிவென்றால் ஆயில் அடைத்து முட்டு கூடும். கூடவில்லை.

வால்வுகளுக்கு மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்து, பிளைவீலில் உள்ள குறியைப் பார்த்து இரண்டாவது சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல் முனைக்குக் கொண்டுவந்து, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைக் கொடுத்தேன். கையேட்டின்படி ஆறிய என்ஜினில் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் 0.30 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் 0.05 தகடு கூட நுழையவில்லை. டேப்பட் தேய்ந்தால் இடைவெளி கூடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், சத்தமும் வரும். ஆனால் வால்வும் அதன் சீட்டும் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும், சத்தமே வராது, என்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடும். அமைதியாக இருக்கிறதே என்று யாரும் மூடியைத் திறக்க மாட்டார்கள். கடைசியில் வால்வு முழுசாக உட்காராமல் மயிரிழை திறந்தே நிற்கும், கம்ப்ரஷன் அதன் வழியாக ஓடிவிடும். ஒரு தடவை சூடாகிவிட்டால் சுவரும் பிஸ்டனும் சூடாக இருப்பதால் குறைந்த கம்ப்ரஷனிலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் பகல் பூரா தங்கம்.

லாக் நட்டைத் தளர்த்தி, 0.30 தகடு லேசாக இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளந்தேன். இறுக்கும்போது நகரும், அதனால் இரண்டு தடவை. மற்ற மூன்றையும் பார்த்தேன், முதல் சிலிண்டர் எக்ஸாஸ்ட் 0.20, அதையும் சரி செய்தேன். ஹேண்டிலைச் சுற்றினால் இரண்டாவதும் இப்போது முட்டுகிறது, முதலாவது அளவுக்கு இல்லை, கொஞ்சம் கம்மிதான். சீட் லேசாக எரிந்திருக்கும், எப்போதாவது ஹெட்டைக் கழற்றும்போது வால்வை அரைத்துவிடலாம், அதற்காக இப்போது கழற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிற நம்பிக்கை வந்தால் போதும் என்றார் மச்சான்.

மறுநாள் காலை. ராத்திரி முழுக்க நின்ற என்ஜின், டேங்கிலிருந்தே டீசல், கேன் இல்லை. நான் டார்ச்சோடு சைலன்சர் பக்கம், மச்சான் சாவி. செல்ஃப் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். ஒரு வெள்ளைக் குபுக், உடனே இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பிடித்தது. நான் விநாடி எண்ணவே தொடங்கவில்லை.

மச்சான் அப்படியே நிறுத்தினார். மறுபடி சாவி, மறுபடி பிடித்தது. மூன்றாவது தடவையும் நிறுத்தப் போனவரை நான்தான் தடுத்தேன். அடுத்த வள்ளத்தில் வலையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் இருட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

“என்னப்பா, இன்னிக்கித் தொழிலுக்குப் போகலையா? செல்ஃப் சத்தமே காணோம்?”

மூன்று வாரம் ஆகிறது. கிண்ணத்தைச் சனிக்கிழமை தோறும் வடிக்கச் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் வந்ததும் டேங்கை நிரப்பி வைக்கவும் சொல்லியிருக்கிறேன், நிரம்பிய டேங்கில் வேர்க்க இடமிருக்காது. முதலாவதைச் செய்கிறார், இரண்டாவதற்குக் காசு வேண்டும் என்கிறார். எர்த் கேபிளை மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளக்கப் போகிறேன். ஃபீட் பம்ப் கிட் பெட்டி பிரிக்காமல் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.